மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை லாரியிடம் சொன்னேன்

எனக்கு எழுத வராது. செஞ்சியில் அஞ்சாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மகள் செல்விதான், "நம்ம ஊர்க்காரங்க படிப்பாங்கமா, சிரிப்பாங்க, எழுது" என்று காகிதத்தைக் கையில் கொடுத்தாள்.

நான் இருப்பது அமெரிக்காவில் அரிசோனா என்கிற பக்கம். பாலைவனம் என்கிறார்கள். ஆனால் ஜன்னலைத் திறந்தால் நம் கோட்டை மலை மாதிரியே பாறை மேல் பாறையாக அடுக்கிய குன்றுகள் தெரியும்; உச்சியில் கோட்டை மட்டும் இருக்காது. நான் வந்த மறுநாள் காலை காபி போடலாம் என்று எழுந்து வந்தால், மாப்பிள்ளை குமரவேல் பாத்திரம் கழுவும் தொட்டியோரம் ஒரு லாரியை வைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் அதன் சக்கர இடுக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தை அளவு லாரி. அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இந்த ஊரில் அந்த வயது ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகப் போய், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மணலில் லாரி ஓட்டுவார்களாம். நான் சத்தமில்லாமல் அறைக்குத் திரும்பிவிட்டேன். அன்றைக்குக் காபி இல்லை.

லாரியைப் பார்த்துத் திரும்பவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்துத்தான். எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகன் எதிரே நிற்க மாட்டாள், நேரே பேசவும் மாட்டாள். கோபதாபம் ஒன்றும் கிடையாது, மரியாதை அப்படி. கல்யாணமான புதிதில் அவர் பக்கத்து ஊர் அனந்தபுரத்திலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால், நான் உள்ளே நின்றபடி "இன்னும் கொஞ்சம் போட்டுக்கச் சொல்லு" என்பேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டு "போதும்னு சொல்லு" என்பார். நடுவில் செல்வி இருந்தாள், என் வீட்டுக்காரர் இருந்தார், பேச்சு அப்படியே ஓடியது. வீட்டுக்காரர் போன பிறகு செல்வி என்னை இங்கே கூட்டி வந்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே. நாள் முழுக்க வீட்டில் நாங்கள் இரண்டு பேர், ஒரு பேச்சில்லை.

ஒருநாள் எனக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. வியர்த்து ஒழுகிக் கட்டிலில் கிடந்தேன். பக்கத்து அறையில்தான் அவர் இருந்தார். கூப்பிட வாய் வரவில்லை. நல்லவேளை, செல்வி அன்றைக்குச் சீக்கிரம் வந்தாள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, நான் தெளிந்த பிறகு பிடித்துக்கொண்டாள். "பக்கத்து ரூம்ல ஆள் இருக்குது, வாயத் தொறந்து கூப்ட மாட்டியா? இப்டியே இருந்தினா உன்ன இங்க வெச்சிக்க எனுக்கு பயமா இருக்குதும்மா. லீவுக்குப் போறப்ப உன்ன அத்த வீட்லயே விட்டுட்டு வந்துடறேன்."

"கூப்புடறேன்டி" என்றேன். மறுநாள் அவர் எதிரே வந்தார். நான் துணி மடிக்கிற சாக்கில் அறைக்குள் போய்விட்டேன்.

இப்போது லாரியைப் பற்றிச் சொல்கிறேன். அது வாங்கினபோது இருந்த மாதிரி ஒருநாளும் இருந்ததில்லை. கார் ஷெட்டில் அதற்கென்று ஒரு மேசை. முதலில் பிளாஸ்டிக் பல்சக்கரங்களைக் கழற்றிவிட்டு இரும்பில் போட்டார். பிறகு மோட்டாரை மாற்றினார். வேகம் கூடியதும் பழைய டயர் மணலில் வழுக்கியது, பெரிய டயர் போட்டார். டயர் பெரிதானதும் ஷாக் அப்சார்பர் தாங்கவில்லை. அதற்குள் எண்ணெய் இருக்குமாம். அதை வடித்துவிட்டு இன்னும் கெட்டியான எண்ணெய் ஊற்றினார். ஒன்றுக்குச் செய்தால் அடுத்தது முகத்தைத் தூக்கிக்கொள்ளும், நாலு மருமகள் இருக்கிற வீடு மாதிரி.

துணி துவைக்கிற மெஷினும் அந்த ஷெட்டில்தான். ஒரு ஞாயிறு நான் துணி எடுக்கப் போனபோது, மாப்பிள்ளை லாரியைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். பின் சக்கரத்து நட்டு அலமாரி மேலேயே கிடக்கிறது. செல்வியும் வீட்டில் இல்லை. நான் லாரியைப் பார்த்து, "இந்தாங்க, உங்க பின் சக்கரத்து நட்டு அலமாரி மேலயே கெடக்குது. பாத்துப் போங்க" என்றேன்.

மாப்பிள்ளை அலமாரியைப் பார்த்தார். நட்டை எடுத்து மாட்டினார். பிறகு லாரியிடம் சொன்னார்: "சொன்னவங்களுக்கு ரொம்ப தேங்க்ஸ்னு சொல்லுப்பா."

அன்றிலிருந்து எங்களுக்கு ஆள் கிடைத்துவிட்டது. "சாம்பார் ஆறிப் போவுதுங்க" என்பேன் லாரியிடம். "மீட்டிங் முடிஞ்சதும் வர்றேன்னு சொல்லுப்பா" என்பார் அவர். ஒருநாள் செல்வி கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "லாரிக்கு இன்னாமா வாங்க போங்க?"

"பின்ன, வாடா போடான்னா சொல்றது? மாப்ள வண்டியாச்சே."

இந்த ஊர்ப் புழுதி அரிசி மாவு மாதிரி நைசாக இருக்கும். ஷாக்குக்குள் புகுந்து எண்ணெயைக் கெடுத்துவிடும். "உனுக்கு ஒரு சட்ட தெச்சிப் போட்டா தேவல" என்று அவர் லாரியிடம் அலுத்துக்கொண்டார். மறுநாள் என் தையல் மெஷின் மேல் ஒரு ஷாக் தனியாகக் கிடந்தது. பழைய நைலக்ஸ் புடவையைக் கிழித்து, மேலும் கீழும் எலாஸ்டிக் வைத்து, நாலு உறை தைத்தேன். நீலத்தில் மஞ்சள் பூ. அதைப் போட்டுக்கொண்டு லாரி மணலுக்குப் போனது.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். வாசலில் காயவைத்த வடகத்தின் மேல் புழுதி அடித்ததற்காக நான் லாரியைத் திட்டிக்கொண்டிருந்தபோது வேலியோரம் வந்து என்னவோ கேட்டார். இங்கிலீஷ் எனக்கு எங்கே வரும்? சிரித்துத் தலையாட்டினேன். லாரி வாய்ப் பேச்சைக் கேட்டு ஓடுமா என்று கேட்டாராம். அடுத்த ஞாயிறு அவர் தரையில் மண்டியிட்டு அதற்கு உத்தரவு போட்டார். மாப்பிள்ளை ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் வைத்து அழுத்த, லாரி பாய்ந்தது. பெரியவருக்குக் கை தட்டி மாளவில்லை.

லீவுக்குச் செஞ்சி போனபோது லாரியும் பெட்டியில் வந்தது. என் நாத்தனார் பவுனம்மா வீட்டில்தான் இறங்கினோம், என்னை விட்டுவிட்டு வருவேன் என்று செல்வி சொன்ன அதே அத்தை வீடு. வீட்டுக்காரருக்கு அக்கா, மூத்தவர், யாரிடமும் நேரே பேசுவார். நான் அங்கே போனதும் தானாகவே கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். லாரியிடம்கூட அங்கே பேச வெட்கமாக இருந்தது. செல்வி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அமாவாசைக்குச் செல்வி மேல்மலையனூர் போன அன்று, மாப்பிள்ளை பவுனம்மாவின் கொல்லையில் லாரியை விட்டார். மல்லாட்டை பிடுங்கிய வெறுங்கொல்லை. வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள்.

"இன்னா மாப்ள, ஏரோப்ளேன்ல தூக்கினு வந்தீங்களே, இது மூட்ட ஏத்துமா?" என்றார் பவுனம்மா.

"ஏத்தாதுங்கம்மா."

"அப்ப இன்னாத்துக்கு அதுக்குப் பூப்போட்ட சட்ட?"

எல்லோரும் சிரிக்க, லாரி செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு கோடிக்குப் போய்விட்டது. அதைப் பார்வையில் வைத்துக்கொள்ள மாப்பிள்ளை பின்னால் ஒரு எட்டு வைத்தார், இன்னொரு எட்டு வைத்தார். அவருக்குப் பின்னால் மொட்டைக் கிணறு. போர் போட்ட பிறகு கைவிட்டது, சுற்றுச்சுவர் கிடையாது, புல் மூடிக் கிடக்கிறது. மற்றவர்கள் எல்லாம் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரியோ கொல்லைக் கோடியில் இருந்தது. அதனிடம் சொன்னால் யாருக்குக் கேட்கும்?

"மாப்ள! நில்லுங்க! பின்னால கெணறு!"

என் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருந்தது எனக்கே தெரியாது. அவர் சிலையாக நின்றார். குதிகாலுக்கடியில் மண்கட்டி சரிந்தது. தண்ணீரில் விழுந்த சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் கேட்டது. ரிமோட் கை தவறியதில் லாரி பாறையில் மோதி, முன் சக்கரத்தைத் தாங்கும் கை ஒன்று உடைந்தது.

பவுனம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னாடி இது, மாப்பிள்ளைய நேராவே கூப்ட்டுட்ட?"

நான் குறுகிப் போனேன். மாப்பிள்ளை நடந்து வந்தார். "கூப்ட்டதாலதாம்மா நிக்கிறேன்" என்றார் அவரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, தரையைப் பார்த்துக்கொண்டு, "அத்த, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

பவுனம்மா யோசித்தார். "செரி, கெணத்துக்காவ ஒருதரம் கூப்ட்ட. அதையே சாக்கா வெச்சினு தெனம் கூப்புடாத."

சாயங்காலம் வந்த செல்வி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் துணிகளை எடுத்து அவளுடைய பெட்டியிலேயே அடுக்கினாள்.

இங்கே வந்த பிறகு தினமும்தான் கூப்பிடுகிறேன். "மாப்ள, மாத்திர எங்க?" "மாப்ள, புது கை மாட்டியாச்சா?" அவரும் "அத்த" என்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அங்கே திங்கள் விடியும்போது, பவுனம்மா வீடியோவில் வருவார். போனை எந்தப் பக்கம் திருப்பினாலும் இந்த வீட்டின் கூடமும் அடுப்படியும் சேர்ந்து தெரியும்; மாப்பிள்ளை எதிரே நான் நிற்பதும் தெரிந்துவிடும். அடுப்படியில் மறைந்து நிற்க இருக்கிற கதவு ஒன்றே ஒன்று, ஃப்ரிட்ஜ் கதவு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னால் நிற்கிறேன். ஒரு பக்கம் உடம்பு ஜில்லென்று விறைக்கிறது, மறுபக்கம் ஜன்னலில் பாலைவன வெயில் சுடுகிறது. கொஞ்ச நேரத்தில் கதவைச் சாத்தச் சொல்லி ஃப்ரிட்ஜ் கத்த ஆரம்பிக்கும்.

இந்தக் கடைசி வரிகளை அங்கே நின்றபடிதான் எழுதுகிறேன். லாரியின் பாகங்களை நான் சரியாகச் சொல்லியிருக்கிறேனா, எதற்குப் பிறகு எதை மாற்றினார் என்பது சரிதானா என்று, தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை பார்த்துத் திருத்திவிடுங்கள். மாப்பிள்ளையைக் கேட்டால் உடனே சொல்வார். ஆனால் பவுனம்மா இன்னும் போனை வைக்கவில்லை.