ஒட்டிய பார்சல் ஏற்கப்பட மாட்டாது

மகன் லண்டனுக்குப் படிக்கப் போய்விட்டான். இதில் எழுத என்ன இருக்கிறது, வீட்டுக்கு வீடு நடப்பதுதானே என்கிறீர்களா? நான் எழுதப்போவது மகனைப் பற்றி அல்ல — அவனுடைய பெட்டியைப் பற்றி.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் வெளிநாட்டுக்கு வெளிக்கிடுகிறார் என்றால், அவருடைய உடுப்புக்கு அவருடைய பெட்டியில் இடமில்லை என்று அர்த்தம். பாதிப் பெட்டி ஊருக்குச் சொந்தம். பனங்கிழங்கு இடித்த ஒடியல் மா, மோர்மிளகாய், ஊறுகாய், வடை... எல்லாம் கண்ணாடி டேப்பால் சுற்றி, எறிந்தாலும் பிரியாத பதத்தில் வந்து இறங்கும். “சின்னப் பார்சல்தான்” என்பார்கள். வாங்கி உள்ளே வைப்பதுதான் மரியாதை. திறந்து பார்ப்பதா? அது சண்டைக்குப் போவது போல.

எனக்கு அந்த மரியாதை இந்த முறை வரவில்லை.

காரணம் இருக்கிறது. பக்கத்து ஊர்ப் பெடியன் ஒருவன், யாரோ தந்துவிட்ட பார்சலைக் கொண்டுபோய் விமான நிலையத்தில் மாட்டுப்பட்டான். உள்ளே என்ன இருந்தது? ஒவ்வொரு வாயில் ஒவ்வொரு சாமான். பெடியன் கடைசியில் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். படிப்பு போனது போனதுதான். அவனுடைய தகப்பனும் நானும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவர்கள். பிறகு ஒருநாள் அவரைச் சுன்னாகம் சந்தையில் கண்டேன். வெங்காயக் குவியலுக்கு முன்னால் நின்றார். வாங்கவும் இல்லை, நகரவும் இல்லை.

“நல்லாத் தெரிஞ்ச ஆள்தான் தந்தவர்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த ஒரு வசனம் என்னை உலுக்கிவிட்டது. இப்போதும் உலுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. அன்றைக்கே ஒரு கடைக்குள் நுழைந்து, அகலமான கண்ணாடி டேப் இரண்டு உருளையும் ஒரு டேப் கட்டரும் வாங்கினேன். உருளையை மாட்டி, இழுத்து, அதன் பல்லில் வைத்து அறுக்கும் சிவப்புப் பிடி.

சட்டம் சுலபம். பார்சலைத் திறந்தபடி கொண்டு வாருங்கள். நான் பார்ப்பேன். உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே ஒட்டுவேன்.

ஒட்டுவதுதான் சுலபமாக இல்லை. கண்ணாடி டேப்பின் நுனி எங்கே போனது என்று தேடிப் பார்த்திருக்கிறீர்களா? வெளிச்சத்தில் உருட்டி, நகத்தால் சுரண்டி, கிடைத்துவிட்டது என்று இழுத்தால் நூல் போல ஒரு கீற்று மட்டும் கிழிந்து வரும். கட்டர் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை என்றார்கள். முதல் நாளே உருளையை மறுவளமாக மாட்டினேன். ஒட்டும் பக்கம் வெளியே. பார்சல் சும்மா கிடந்தது. நான் இடுப்பில் கட்டியிருந்த சாரம் நன்றாக ஒட்டிக்கொண்டது.

“நீங்கள் என்ன, கட்டுநாயக்கா விமான நிலையத்திலையோ வேலை செய்யிறியள்?” — மனைவி.

“அப்பா, சனம் சிரிக்குது” — மகன்.

“சிரிக்கட்டும். நீ போய் இறங்கினாப் பிறகு நானும் சேர்ந்து சிரிக்கிறன்.”

ஊறுகாய்ப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்தேன். மாவுக்குள் கரண்டியை அடிவரை விட்டுத் துழாவினேன். முன்வீட்டுச் சிவம் அண்ணை எங்கள் வீட்டுப் பேப்பர் வாசிக்க வருகிறவர். பேப்பர் முடிந்தாலும் போகாதவர். அவரும் லண்டனில் இருக்கும் தன் பேத்திக்கு, அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, புழுக்கொடியல் கொண்டு வந்தார்.

“முறிச்சும் பாரும் தம்பி. உள்ளுக்கை ஏதும் குழாய் கிழாய் வைச்சிருப்பன்.”

முறித்துப் பார்த்தேன். அவருக்கு முகம் கறுத்தது. எனக்கென்ன? தெரிந்த ஆள்தானே அவரும்.

பிறகு வந்தார் யோகம் அக்கா.

இதே ஒழுங்கையில் மூன்று வீடு தள்ளி இருப்பவர். மகன் லண்டனில். கலியாணமாகிக் கன வருஷம், பிள்ளை இல்லை. அதை விசாரிப்பது எங்கள் ஒழுங்கையில் சுகம் விசாரிப்பது மாதிரி. அக்காவின் கையில் ஒரு பார்சல். எவ்வளவு டேப்! உள்ளே சுற்றியிருந்த கறுப்புப் பை கண்ணாடி போட்டது போல் மினுங்கியது.

“அக்கா, உள்ளுக்கு என்ன?”

“தூள்தான் தம்பி.”

“என்ன தூள்?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. கதிரையில் இருந்த சிவம் அண்ணையைப் பார்த்தார். சிவம் அண்ணை பேப்பரைப் பார்த்தார் — ஒரே பக்கத்தை, வெகுநேரமாக.

தூள் என்றால் இந்த நாட்களில் எனக்குச் சமையலா ஞாபகம் வரும்? “ஒருக்கா வெட்டிப் பாத்திட்டு நானே ஒட்டித் தாறன்” என்று கத்தரிக்கோலை எடுத்தேன். அக்கா பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“திறக்க ஏலாது தம்பி.”

“அப்ப கொண்டுபோக ஏலாது அக்கா. கோவியாதேங்கோ. என்ரை பிள்ளை.”

“எனக்கும் பிள்ளைதான்” என்றார். கண் கலங்கியபடியே படலையைத் திறந்துகொண்டு போனார்.

சிவம் அண்ணை பேப்பரை மடித்தார். “உதுக்குள்ளை என்னவோ இருக்கு.” அவர் எதிலும் என்னவோ இருக்கு என்பவர். ஆனால் அன்றைக்கு நானும் அதையேதான் நினைத்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு வேளையில் — சிவம் அண்ணை வீட்டுக்குப் போயிருக்கும் ஒரே நேரம் அது — யோகம் அக்கா குசினிப் பக்கத்தால் வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். பார்சலை மேசையில் வைத்தார்.

“வெட்டுங்கோ.”

வெட்டினேன். டேப்புக்குள் பை, பைக்குள் பை. கடைசிப் பையில் மஞ்சள் கலந்த ஒரு தூள். மிளகாய் இல்லை. மூக்கில் ஏறும் வேறு ஏதோ. நான் விரலில் தொட்டு, முகர்ந்து, “இதென்ன தூள் அக்கா?” என்று விசாரணையைத் தொடர்ந்தேன்.

மனைவி என் காலை மிதித்தாள்.

“அக்கா... மருமகளுக்கு எத்தினை மாசம்?”

“எட்டு” என்றார் யோகம் அக்கா. அழத் தொடங்கிவிட்டார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மிளகு, மல்லி, மஞ்சள், வேர்க்கொம்பு என்கிற சுக்கு. சரக்குத்தூள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி வைக்கிற தூள். எங்கள் ஊரில் மணத்தை வைத்தே ஆள் கண்டுபிடிப்பார்கள், எந்த வீட்டில் பிள்ளை என்று.

“முந்தி ரெண்டு தரம் சந்தோசத்திலை எல்லாருக்கும் சொன்னனாங்கள். ரெண்டும் தங்கேல்லை. இந்த முறை என்ரை தங்கச்சிக்குக்கூடச் சொல்லேல்லை. பிறக்குமட்டும் வாய் திறக்காதேங்கோ அம்மா எண்டு மகன் சொன்னவன். உங்கை சிவம் இருக்கேக்கை நான் என்னெண்டு திறக்கிறது?”

பார்சலுக்குள் என்ன இருக்கும் என்று எனக்குப் பயம். எங்கள் வாயிலிருந்து என்ன வரும் என்று அக்காவுக்குப் பயம். இந்த ஒழுங்கையில் சந்தேகப்பட ஆள் நான் ஒருவன்தான் என்றல்லவா நினைத்திருந்தேன்? இரண்டு பயத்தில் எதற்கு அதிக நியாயம்? யோசித்துப் பார்த்தேன். அக்காவுடையதற்குத்தான் என்று பட்டது.

அதற்காக நான் செய்தது பிழை என்று சொல்ல மாட்டேன். தன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பெட்டி கொண்டுபோகிறவனுக்குத் தெரிய வேண்டும். மகனைக் கூப்பிட்டு, இது என்ன, யாராவது கேட்டால் எப்படிச் சொல்வது என்று அக்காவையே விளக்கச் சொன்னேன். வெட்கத்தில் இருவரும் நிலத்தைப் பார்த்தபடியே கதைத்தார்கள். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டிருக்க வேண்டியது முதலிலேயே. அந்தப் புத்தி எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஒட்டினேன். நுனி மடங்காமல், சுருக்கம் விழாமல். அக்கா பக்கத்தில் நின்று பார்த்தார்.

“இன்னும் ஒரு சுத்து, தம்பி. மணக்கக் கூடாது.”

மகன் லண்டனில் இறங்கி அழைக்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. “பெட்டி வந்திட்டுது அப்பா. ஒருத்தரும் திறக்கேல்லை” என்றான். “திறந்தது நீங்கள் மட்டும்தான்.”

மகன் போய்ச் சேர்ந்த மறுநாளே சிவம் அண்ணை பேப்பருக்கு வந்தார். பேப்பரைத் தொடவில்லை.

“யோகத்தின்ரை பார்சல் போனதாமே. என்ன இருந்தது?”

“மிளகாய்த்தூள், அண்ணை.”

“மிளகாய்த்தூளுக்கோ அந்த மனுசி அழுதுகொண்டு போனது?”

“நல்ல உறைப்பு, அண்ணை.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... நான் புழுக்கொடியலை முறித்தபோது அவரைப் பார்த்த அதே பார்வை. வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய? ஒவ்வொரு காலையும் அவர் கேட்க, ஒவ்வொரு காலையும் நான் மிளகாய்த்தூளிலேயே நின்றேன். நான் வாய் தடுமாறினால் யோகம் அக்காவுக்கு அன்றைக்கு நித்திரை இல்லை.

போன கிழமை லண்டனில் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். யோகம் அக்கா கற்கண்டுத் தட்டோடு வீடு வீடாகப் போனார். “இனி ஆருக்கும் சொல்லலாம், பேப்பரிலையும் எழுதலாம்” என்று எனக்கு உத்தரவு தந்தார்.

சிவம் அண்ணை கற்கண்டை வாயில் போட்டபடி எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்தார்.

“தம்பி... உம்மடை மிளகாய்த்தூளுக்கு என்ன பேர் வைச்சிருக்கினம்?”