நாற்பத்தோரு பூஜ்யமும் ஒரு பத்தொன்பதும்

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்த வேலைகளை வரிசைப்படுத்தச் சொன்னால் இதுதான் முதலில் நிற்கும். வெறுப்புக் குற்றங்களைக் கணக்கெடுக்க அரசாங்கம் ஒரு திட்டம் போட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. எந்தக் கூட்டத்தில் பிறந்தான் என்பதற்காகவே ஒருவனை அடித்தால், காவல் நிலையம் அதைத் தனிப் படிவத்தில் பதிய வேண்டும். திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று மதிப்பிட அமர்த்திய குழுவில் நான் தரவு சரிபார்ப்பவள். எங்கள் மாவட்டத்தில் நாற்பத்திரண்டு நிலையங்கள். நாற்பத்தொன்றில் பூஜ்யம். ஒன்றில் மட்டும் பத்தொன்பது.

மூளை என்று ஒன்று இருப்பவன் அந்த நாற்பத்தொன்றைத்தான் போய்ப் பார்ப்பான். எங்கள் குழுத் தலைவர் பத்தொன்பதைப் பார்க்கக் கிளம்பினார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சதவீதம். பூஜ்யம் அனுப்பினாலும் அனுப்பியதுதானே, நூறு சதவீத நிலையங்களும் அறிக்கை தந்துவிட்டன என்று வண்டியில் போகும்போதே பூரித்துப்போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சம்பளக்காரி, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நிலையத்தின் எழுத்தரை எல்லோரும் அட்சரம் என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பத்தாறு வயது, சட்டைப் பையில் மூன்று பேனா, சுவரோரமாக ஒரு ஆட்டம் கண்ட மேசை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மற்றவர்களைப் போல அவரும் ‘தகாத வார்த்தைகளால் திட்டித் தாக்கினார்கள்’ என்றுதான் புகார் எழுதியிருக்கிறார். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அது என்ன வார்த்தை என்று கேட்டார். காகிதத்தில் இல்லை. அடிபட்டவரோ அத்தனை பேர் முன்னால் சொல்லக் கூசிப்போய் நின்றார். வழக்கு சாதாரணச் சண்டையாகி ஊத்திக்கொண்டது. அன்றிலிருந்து, என்ன சொல்லி அடித்தார்கள் என்பதை ஓர் எழுத்து விடாமல் எழுதுவார். தயங்குகிறவர்களிடம், “வெக்கப்படாம சொல்லுங்க. அது உங்க வார்த்தை இல்ல, அவன் வார்த்தை” என்பார். இந்தப் பழக்கத்தால் இரண்டு பதவி உயர்வு கைநழுவிப் போயிருந்தது. ஊரில் உள்ள கெட்ட வார்த்தையெல்லாம் எழுதிவிட்டு அதே கையோடு சோறு தின்ன வருகிறாரே என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வாராம். அதையும் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

பத்தொன்பதாவது படிவம் தெருமுனையில் துணி தேய்க்கும் ஒரு பெண்ணுடையது. அவள் கணவனை நான்கு பேர் கம்பியால் அடித்ததில் வலது கண் போய்விட்டது. ‘உங்க கூட்டத்துல ஒருத்தனும் இந்தத் தெருவுல மூச்சு விடக்கூடாது’ என்று கத்திக்கொண்டே அடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் சொன்னதும் அப்படியே படிவத்தில் இருந்தது. அந்த வார்த்தைகள் இருக்கும்வரை அது வெறுப்புக் குற்றம், நால்வருக்கும் ஜாமீன் கிடையாது. வார்த்தைகள் போனால் வெறும் அடிதடி. ஒரே வாரத்தில் அதே தெருவில் வந்து நிற்பார்கள்.

சதவீதம் அந்தப் படிவத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். அரசாங்கப் பதிவேட்டில் இவ்வளவு ஆபாசமா என்று முகம் சுளித்தார். கண் போனதற்குச் சுளிக்காத முகம். ஒரே நிலையத்தில் பத்தொன்பது என்றால் குற்றம் அதிகம் என்று அர்த்தமில்லை, பதிவில் தரமில்லை என்று தீர்ப்பும் சொன்னார். வார்த்தைகளை எடுத்துவிட்டு, காரணம் என்ற இடத்தில் முன்விரோதம் என்று போட வேண்டும், பழைய படிவத்தைக் கிழித்துவிட வேண்டும், நீதிமன்றத்துக்கும் புதியதே போகும் என்றார். அட்சரம் பேனாவை மூடி வைத்துவிட்டு, தன்னால் முடியாது என்று எழுந்துகொண்டார். சதவீதம் என் பக்கம் திரும்பிச் சொன்னார். நான் புதிய படிவத்தைக் கணினியில் தட்டினேன்.

திருத்தத்துக்குப் புகார் கொடுத்தவரின் கையெழுத்து வேண்டும் என்பதால் அந்தப் பெண்ணை வரவழைத்தார்கள். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

“அந்த நாலு பேரையும் அன்னிக்குத்தான் சார் முதல்முதலா பாத்தோம். அப்புறம் எங்கேர்ந்து சார் முன்விரோதம் வரும்?”

இது கம்ப்யூட்டருக்காக மட்டும்தான், வழக்குக்கு ஒன்றும் ஆகாது என்று சதவீதம் கூசாமல் பொய் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். அந்த அறையில் அவளைத் தவிர இருந்த ஒரே பெண் நான்தான். நான் விசைப்பலகையைப் பார்த்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள். சீ, நானெல்லாம் ஒரு மனுஷி.

மற்ற பதினெட்டையும் இரண்டே நாளில் துடைத்தெடுத்தோம். மாவட்டம் முழுக்கப் பூஜ்யம், திட்டம் மாபெரும் வெற்றி என்று அறிக்கை போனது. எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ். அட்சரத்தைத் தூக்கி, சீருடையும் பல்பும் எண்ணும் கிடங்கில் போட்டார்கள். எட்டாம் நாள் நால்வரும் வெளியே வந்தார்கள். ஒன்பதாம் நாள் அவளுடைய தேய்ப்பு மேசை கால் ஒடிந்து சாக்கடையில் கிடந்தது.

அவள் என் அலுவலகம் தேடி வந்தாள். சத்தம் போடவில்லை.

“கேஸுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களே மேடம்.”

சொன்னது நானில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். படிவத்தை மாற்றினார்கள் என்று யாராவது சாட்சி சொன்னால்தான் ஜாமீனை உடைக்க முடியும் என்று அவள் வக்கீல் சொல்லியிருக்கிறார். அட்சரம் எழுதிக் கொடுத்துவிட்டார், ஆனால் மாற்றல் ஆன கடுப்பில் பேசுகிறார் என்று அதைத் தள்ளிவிட்டார்களாம்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கிடங்குக்குப் போனேன். அட்சரம் ஒரு பெட்டியைத் துடைத்து உட்காரச் சொன்னார், காகிதம் எடுத்தார். மேலதிகாரி வற்புறுத்தியதால் திருத்தினேன் என்று எழுதச் சொன்னேன். அவர் எழுதவில்லை.

“வற்புறுத்தினாருன்னா? என்ன வார்த்தை சொன்னாரு?”

“டைப் பண்ணி முடிம்மா, வெயிலுக்கு முன்னாடி கிளம்பிடலாம்னு சொன்னாரு.”

எழுதிக்கொண்டார். “மிரட்டினாரா?”

“இல்ல.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்துதான் போயிருந்தேன். இந்தக் கேள்விக்குத் துணிந்திருக்கவில்லை. அவர் பேனாவை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

“சரி சார்னு சொன்னேன்.”

அதையும் எழுதிவிட்டு, காகிதத்தை என் பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார்.