காவேரிக்குப் பிள்ளைகள் எத்தனை பேர்

காவேரி பெற்றது இரண்டு என்பது ஏற்காட்டுப் பக்கத்துக் கிராமமான வெள்ளக்கடையில் எல்லோருக்கும் தெரியும். மூத்தவள் பூங்கொடி. இளையவன் தங்கராசு. பூங்கொடியைத் தாய்ப்பால் மறந்த கையோடு அக்கா அருக்காணிக்குக் கொடுத்துவிட்டாள் என்பதும் தெரியும். அருக்காணிக்குப் பல வருடமாகக் குழந்தை தங்கவில்லை. காவேரியை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவளே தூக்கிக்கொண்டு போய் அக்காவின் மடியில் விட்டாள். எங்கேயும் எழுதிப் பதியவில்லை; அக்கா தங்கைக்குள் பத்திரம் எதற்கு என்று இருந்துவிட்டார்கள். பெண்ணும் விஷயம் தெரிந்தே வளர்ந்தாள். அவளுக்கு அருக்காணி அம்மா, காவேரி சின்னம்மா.

காவேரியின் கணவன் முருகேசன் ஏற்காட்டில் ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் சரக்கு மாஸ்டராக இருந்தான். டொராண்டோவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த சேலத்துக்காரர் ஒருவர் 1986இல் அவனைக் கூப்பிட்டுக்கொண்டார். போகும்போது கொடுத்த விண்ணப்பத்தில் மனைவி காவேரி, மகன் தங்கராசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அங்கேயே நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்ததும், 1991இல் குடும்பத்தை அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தான். காவேரியின் பங்குக்கு ஒரு விண்ணப்பம் வந்தது.

ஏற்காட்டில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கும் ஐயாக்கண்ணுதான் அதை அவளுக்காக நிரப்பினார். கூட வந்தாலும் வராவிட்டாலும் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுத வேண்டும் என்று ஓரிடத்தில் இருந்தது. அதைத் தமிழில் சொல்லி, எத்தனை பேர் என்று கேட்டார். ரெண்டு பேருங்க என்றாள் காவேரி. அவள் யோசிக்கவே இல்லை.

டெல்லியிலுள்ள கனடா தூதரகத்திலிருந்து பதில் வர மழைக்காலம் ஆகிவிட்டது. கணவர் ஒரு பிள்ளை என்கிறார், நீங்கள் இரண்டு என்கிறீர்கள். பெண்ணின் பள்ளிச் சான்றிதழில் பெற்றோர் வேறு யாரோ. எது உண்மை என்று விளக்க வேண்டும், தவறான தகவல் என்று தெரிந்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகும் என்றது கடிதம். ஐயாக்கண்ணு வாசித்து முடிக்கும் முன்பே காவேரி எழுந்து நின்றுவிட்டாள்.

அன்றிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் துணி துவைக்கும் வேலை அவளுக்கு. அலசிய துணிக்கே மறுபடி சோப்புப் போட்டாள். வெள்ளக்கடைக்குப் போய் அக்காவைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று பஸ் ஏறுவாள்; பாதி வழியில் இறங்கித் திரும்பி நடப்பாள். பொய் சொன்னவள் என்று எங்கோ ஒரு மேசையில் தன் பெயர் கிடக்கிறது என்ற நினைப்பு அவளை அரித்தது.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து முருகேசனைப் பிடித்தாள். அவனுக்குக் கோபம். கொடுத்த பிள்ளையைத் தன் பிள்ளை என்று எப்படி எழுதுவது, அது அருக்காணியிடம் செய்கிற துரோகமில்லையா என்றான். அக்கா மகளைத் தெரியாமல் சேர்த்துவிட்டேன் என்று எழுதி அனுப்பு, ஒரே வரியில் முடிந்துவிடும் என்றான்.

“நான் பொய் எழுதலை காவேரி.”

“நானும் எழுதலீங்க. நீங்க சொல்றாப்பல இப்ப எழுதினாத்தான் பொய்யாயிரும்.”

பூத்துக்காரர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காவேரிதான் போனை வைத்தாள்.

உண்மையை நிலைநாட்ட அக்கா தம்பதியின் கையெழுத்தும் வேண்டும் என்று ஐயாக்கண்ணு சொல்லியிருந்தார். இனித் தப்பிக்க வழியில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காவேரி பஸ்ஸில் வழியில் இறங்காமல் போய்ச் சேர்ந்தாள். அருக்காணி வாசலில் பேரிக்காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் கையிலிருந்த காயைக் கூடையில் போடாமல் தரையில் வைத்தாள்.

“உன்ற புருசங்கிட்டப் போறதுக்கு என்ற மவளை எதுக்கு இழுக்கறே?”

“கூட்டிட்டுப் போறதுக்கு இல்லீங்கக்கா. பெத்தியான்னு கேட்டாங்க. இல்லைன்னு சொல்ல வாய் வர்லீங்க.”

“பெத்தேன்னு சொல்லப் பதினாலு வருசமா வராத வாயா இப்ப வந்துது?”

அருக்காணி உள்ளே போய்விட்டாள். காவேரி மிச்சப் பேரிக்காயைப் பிரித்து வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள். பஸ் நிற்கும் இடத்துக்குப் பூங்கொடி பின்னாலேயே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மூச்சு வாங்கியது.

“சின்னம்மா, நான் அந்த ஊருக்கெல்லாம் வர்லீங்க. அம்மாவை உட்டுட்டு வர மாட்டேன்.” பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “ஆனா என்ற பேரை மட்டும் அடிச்சுப்போடாதீங்க.”

பஸ் வந்தது. காவேரி ஏறவில்லை. அடுத்த பஸ் வரும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

மகள் வீட்டில் என்ன சொன்னாளோ தெரியாது. சில நாள் கழித்து அருக்காணியும் அவள் கணவர் சின்னசாமியும் விடுதியின் துணி துவைக்கும் இடத்துக்கே வந்து நின்றார்கள். எங்கே கையெழுத்துப் போடோணும் என்று மட்டும் கேட்டாள் அருக்காணி. மூவரும் சேலத்துக்கு இறங்கினார்கள். அங்கே ஒரு வக்கீல் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினார். பூங்கொடியைப் பெற்றவள் காவேரி. சட்டப்படி தத்து எடுக்கவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது வளர்த்தவர்களின் பெயர் கொடுக்கப்பட்டது. யாருக்கும் எதையும் மறைக்கும் எண்ணம் இல்லை. அருக்காணி பேனாவைத் தொடவில்லை.

“வளத்தது நானுன்னு மட்டும் போட்டிருக்கீங்க. அவ எங்கூடத்தான் இருப்பான்னும் போடுங்க.”

வக்கீல் அதையும் சேர்த்தார். அருக்காணி கையெழுத்துப் போட்டாள். திரும்பும் பஸ்ஸில் தங்கையின் பக்கத்தில் உட்காரவில்லை.

முருகேசனும் கடைசியில் தன் பங்குக்கு ஒரு விளக்கம் எழுதினான்: ஊர் வழக்கப்படி அந்தக் குழந்தையை என் கணக்கில் நான் சேர்க்கவில்லை, கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன். அதை எழுதி அனுப்பியபின் அவனிடமிருந்து வெகுநாள் போன் வரவில்லை. டெல்லியிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. காவேரி தபால் ஆபீசுக்கும் விடுதிக்குமாக நடந்து செருப்பைத் தேய்த்தாள். பிறகு, வராத பிள்ளைக்கும் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று ஒரு கடிதம். பூங்கொடியை மெட்ராசுக்கு அருக்காணிதான் கூட்டிப்போனாள். எக்ஸ்ரே அறையின் கதவு திறக்கும்வரை அவளும் உட்காரவில்லை.

1993 கோடையில் விசா வந்தது, காவேரிக்கும் தங்கராசுக்கும். பூங்கொடியின் பெயர், உடன் வராத மகள் என்ற இடத்தில் பதிவாகியிருந்தது. அதைச் சொன்னபோது பூங்கொடி சிரித்தாள். அருக்காணி காபிப்பொடி அரைத்துக் கட்டிக் கொடுத்தாள். விசாவின் தேதி முடியும் நேரம் வரை தள்ளிப்போட்டுத்தான் காவேரி விமானம் ஏறினாள்.

டொராண்டோவில் முதல் குளிர்காலம். வெள்ளக்கடையில் ஒரு மளிகைக் கடையில் போன் இருந்தது; சொல்லி வைத்த நேரத்தில் அக்காவும் பூங்கொடியும் அங்கே வந்து நிற்பார்கள். பூங்கொடி பரீட்சை மார்க்கைச் சொல்லிவிட்டு, “அம்மாகிட்டக் குடுக்கறனுங்க” என்றாள். அக்காவும் தங்கையும் மழையைப் பற்றிப் பேசினார்கள், பேரிக்காய் விலையைப் பற்றிப் பேசினார்கள், லைன் அறுந்தது.

காவேரி கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினாள். பனியில் தெருவைச் சுற்றி வந்தாள்; மறுபடி சுற்றினாள். முருகேசன் தேடிக்கொண்டு வந்து, ஊட்டுக்கு வா, விறைச்சுப்போவே என்றான்.

“இன்னொரு தெரு நடந்துட்டு வர்றனுங்க.”

அவன் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு அவளோடு நடந்தான்.