ஜெசியின் கடைசிப் பதினாலு வாரம்

எங்கள் ஊர் கெடாரில் டாக்டர் என்றால் ஊசி போட வேண்டும். திண்டிவனத்து ஜெசி, ஊசி போடாத டாக்டர் ஆகப்போவதாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அவள் 1993-இல் பிறந்தவள். அப்பா அருள்நாதன் எலக்ட்ரீஷியன். பி.எஸ்ஸி. முடித்ததும் லூர்து பிரகாஷைக் கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்கா போனாள். அங்கே ஆக்குபேஷனல் தெரபியில் நேராக டாக்டர் பட்டத்துக்கே சேர்ந்துவிட்டாள். கை கால் விழுந்தவர்கள் குளிக்க, சாப்பிட, தங்கள் வேலையைத் தாங்களே பார்க்கப் பழக்குகிற படிப்பு. மூன்று வருஷம். கடைசிப் பதினாலு வாரம் ஒரு திட்டத்தைச் செய்து காட்டினால்தான் பட்டம். அதை நம் பக்கத்திலேயே செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு 2017 ஜனவரியில் வந்து இறங்கினாள்.

கை கால் விழுந்தவர்கள் இருக்கிற ஆறு வீடு பிடித்தாள். சீக்காளியிடம் வேலை வாங்குவதா என்று ஐந்து வீட்டில் ஒரு மாதத்துக்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆறாவது எங்கள் வீடு. என் மாமியார் அம்மணிக்கு வாதம் வந்து எட்டு மாதம். கோல் பிடித்து நடப்பார். வலது கை எழவில்லை. ஜெசி ஒரு முறம் வேர்க்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, வைத்து உடைக்கச் சொன்னாள். காலமெல்லாம் கூலிக்கு உடைத்தவர்தானே, பழகிய வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

எதிர்வீட்டுச் சின்னபொண்ணு எட்டிப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க ஒரே பேச்சு. "சீக்காளி மாமியாகிட்டகூட வேலை வாங்குறா பாரு இந்த இசைவாணி!" எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சோறு ஊட்டிக் குளிப்பாட்டித் தலைவாரி விடுகிறேனே, அது யார் கண்ணிலும் படவில்லை.

மறுநாள் ஜெசியை வாசலிலேயே நிறுத்தினேன். "உன் படிப்புக்கு எங்க மானம் போவணுமா? கெளம்பும்மா."

"இந்த வீடும் போச்சுன்னா எனக்குப் பட்டம் இல்லக்கா." கண் கலங்கியிருந்தது. பிறகு என்னைத் தாண்டி உள்ளே பார்த்தாள். "அம்மா, நானா மல்லாட்டைய எடுத்துக் குடுத்துட்டேன். உங்களுக்கு என்ன செய்யணும்னு கேக்கவே இல்ல. சொல்லுங்க."

மாமியார் கோலை ஊன்றி வாசலுக்கு வந்தார். "பொடவ கட்டணும் பாப்பா. நானே கட்டணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டிவிட நேரமாகிறது என்று நான்தான் அவருக்கு நைட்டி மாட்டிவிட்டிருந்தேன்.

ஒற்றைக் கையால் புடவை கட்டுவது அமெரிக்கப் புத்தகத்தில் இல்லையாம். ஜெசி தன் வலது கையை இடுப்போடு துண்டால் கட்டிக்கொண்டு, எங்கள் வீட்டுக்குள்ளேயே தான் கட்டிப் பார்த்தாள். நாலு நாள் அவிழ்ந்து விழுந்தது. கடைசியில் பாவாடை நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக், மடிப்புக்குத் துணி கிளிப், முந்தானையைக் கடித்துப் பிடிக்கப் பல் என்று ஒரு வழி கண்டுபிடித்தாள். அப்புறம் மாமியாரைத் தினமும் பழக்கினாள்.

பதிமூன்றாம் வாரம் மாமியார் தனியாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே கிளிப் விழுகிற சத்தம். நான் பதறிப்போய்க் கதவில் கை வைத்தேன். ஜெசி தடுத்தாள். "வேணாங்க்கா. நீங்க போனா அவங்க கட்டுனதா ஆவாது."

இருபத்தைந்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. மடிப்பு கோணல், முந்தானை ஏற்ற இறக்கம். ஆனால் புடவை நின்றது. ஜெசி அழுதுகொண்டே நேரத்தைக் குறித்தாள். மே மாதம் அவளுக்குப் பட்டம் கிடைத்தது.

புடவை கட்டிய அன்று மாமியார் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நைட்டிய மாட்டிக்கினு இத்தினி மாசமா நான் யாரையும் நிமுந்து பாக்கல வாணி. நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லல."