மண்ணெண்ணெய் இல்லாத ரோமாபுரி

மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டால் குருநகர்ப் படகுகள் கரையிலேயே கிடந்த வருடம், எங்கள் கத்தோலிக்கக் கோயில் பெருநாளுக்குக் கூத்து ஒன்று போட்டோம். ரோமாபுரி எரியும்போது பாடிக்கொண்டிருந்து, பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் போட்டு அவர்களைக் கொன்ற சக்கரவர்த்தியின் கதை. சக்கரவர்த்தி என் மாமா, அம்மாவின் தம்பி. நான் மந்திரி.

மாமா கடற்றொழிலாளி. அதிகம் கதைக்காதவர். ஆனால் பொன்னிறத் தாள் ஒட்டிய முடியைத் தலையில் வைத்ததும் ஆள் மாறிவிட்டார். தான் பாடும்போது ஒருவரும் எழும்பிப் போகாதபடி அந்த அரசன் வாசலைப் பூட்டுவானாம். மாமாவும் ஒத்திகையில் எங்களைத் தேத்தண்ணி குடிக்கக்கூட விடவில்லை. தனக்கென்று புதிது புதிதாகப் பாட்டுகளைச் சேர்த்தார். விசுவாசத்துக்காகக் கொல்லப்படும் வேதசாட்சிகள் சாகுமுன் பாடும் பாட்டில் பாதியை வெட்டச் சொன்னபோது, கூத்துப் பழக்கிய அண்ணாவியாருக்குப் பொறுக்கவில்லை.

“அவையள் சாகிறதுக்கும் நேரம் வேணுமெல்லே?” என்றார்.

“சனம் என்ரை பாட்டைக் கேக்கத்தான் வருகுது,” என்றார் மாமா. பாட்டு பாதியானது.

பெருநாள் மாலை கோயில் வளவு முட்டச் சனம். சிம்மாசனத்தில் நிமிர்ந்திருந்த மாமா கேட்டார்: “எமது நகரில் குடிகளுக்கு ஏதும் குறை உண்டோ, மந்திரி?”

‘இல்லை, மகாராசா’ என்று நான் சொல்ல வேண்டும். வாயைத் திறக்குமுன் முன்வரிசையிலிருந்து ஒரு மனுசி கத்தினாள்:

“மண்ணெண்ணெய் இல்லை, ராசா!”

வளவே சிரித்தது. மாமா ஏசப்போகிறார் என்று பயந்தேன். அவர் அந்த மனுசியைப் பார்த்தார். அவளுடைய புருசனின் படகும் மாமாவின் படகும் பக்கத்துப் பக்கத்தில்தான் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. மெல்ல முடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“ஓம் அக்கா. என்னட்டையும் இல்லை. ஒரு மாசமாய் நானும் கடலுக்குப் போகேல்லை.”

சனம் கைதட்டியது. தனக்கு மிச்சமிருந்த பாட்டுகளை விட்டுவிட்டு, வேதசாட்சிகளைக் கூட்டிவரச் சொன்னார் மாமா. அவர்கள் தங்கள் பாட்டை முழுவதுமாகப் பாடினார்கள். மாமா வெறுந்தலையோடு இருந்து கேட்டார். அவர் கண் கலங்கியது பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் தெரிந்தது.

அடுத்த வருடம் படகை விற்றுவிட்டுப் பிரான்சிலிருக்கும் மகளிடம் போனார். போன கிழமை தொலைபேசியில் கதைத்தபோது, “ஒண்டு பாடுங்கோ மாமா,” என்றேன்.

“இஞ்சை சத்தம் போட்டா மேல்வீட்டுக்காரன் நிலத்திலை தட்டுவான், பிள்ளை.”

பிறகு, சமைக்கிற குசினிக்குள் வந்திட்டன் என்று சொல்லி, தணிந்த குரலில் பாடினார்.