மச்சானும் ஐந்தரை மணி நேரமும்

போன ஞாயிறு எங்கள் சித்தப்பா வீட்டுக் கிடாவெட்டு. பந்தியில் நான் அடித்த ஒரு ஜோக்குக்கு அத்தனை பேரும் சிரித்தார்கள். இன்றைக்கு அதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

பரமத்தி வேலூர் பக்கம் அக்கா வீட்டுக்காரருக்குக் கோழிப்பண்ணை. முட்டைக் கோழிகளுக்கு விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் கொஞ்ச நேரம் லைட் எரிய வேண்டும். தவறினால் முட்டை குறையும். மச்சான் கையால் போட்டு அணைத்துக்கொண்டிருந்த லைட்டை, என் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, தானாக எரியும்படி செய்து கொடுத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை... சரி, பெருமைக்குத்தான்!

திடீரென்று பாதி ராத்திரியில் லைட் எரிகிறது. பொழுது சாய்ந்தால் ஷெட் இருட்டு. முட்டையும் குறைந்துவிட்டது. அக்கா போனில் கேட்டாள்: "ஏஞ்சாமி, உன்ற மிசினுக்கு ஏதாச்சும் ஆயிருக்குமா?"

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுக்கா. யாரோ சுவிட்சத் தட்டறாங்க" என்றேன். நேரில் போய்ப் பார்த்தேனா? இல்லை.

ராத்திரி ஷெட்டில் படுப்பவர் மச்சான் ஒருவர்தான். தைப்பொங்கல் நோம்பியோடு குடியை விட்டவர். பந்தியில் கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே நான் சொன்னது இதுதான் — "மச்சான் உட்டாலும் அது மச்சான உடலையாட்ட இருக்குது. நடுராத்திரில லைட்டப் போட்டுக் கோழியெல்லாம் எழுப்பிப் பேசிட்டு இருக்காரு!"

ஒரே சிரிப்பு. மச்சானும் சிரித்தார். ஆனால் பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டார். அக்கா என்னைப் பார்க்காமல் எழுந்து போனாள்.

மறுநாள் பண்ணைக்குப் போய் மானிட்டரைப் போட்டேன். வெளியே உச்சி வெயில். திரையிலோ சாயங்காலம் ஐந்தரை!

யார் செய்த வேலை? சாட்சாத் நான்தான். அதே கம்ப்யூட்டரில் விண்டோஸும் உண்டு. போன மாதம் அக்கா மகள் ஜாதகத்தைப் பிரின்ட் எடுக்க நான் அதைத் திறந்தபோது, மூலையில் நேரம் தப்பாகத் தெரிந்தது. திருத்திவிட்டு, மறுபடி லினக்ஸை ஓடவிட்டு வந்தேன். விண்டோஸ், உள்ளே இருக்கும் கடிகாரத்தில் நம் ஊர் நேரத்தையே எழுதிவைக்கும். லினக்ஸ் அதை லண்டன் நேரம் என்று நம்பி, மேலே ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளும். நெட் இருந்தால் தானே சரிசெய்துகொள்ளும். பண்ணையில் நெட் ஏது?

ஒரே ஒரு கட்டளை அடித்தேன். நேரம் சரியாகிவிட்டது. என் முகத்தில்தான் ஈயாடவில்லை.

அக்காவிடம் சொன்னேன். அழுதுவிட்டாள். "நானும் அவரச் சந்தேகப்பட்டுட்டனே... எங்கிட்ட எதுக்குச் சொல்ற? பந்தியில சிரிச்ச சனத்துக்கிட்டச் சொல்லு!"

சொன்னேன். வீடு வீடாகப் போன் போட்டுச் சொன்னேன். "அட, இதுக்கென்னப்பா" என்றார்கள். சிரித்தபோது இருந்த உற்சாகம் இப்போது யாருக்கும் இல்லை.

கடைசியாக மச்சான். கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

"உடு மாப்ள" என்றார். "நானே நம்பிட்டேன். தூக்கத்துல எந்திரிச்சு நாந்தான் லைட்டப் போடறனோ, குடிச்சுக் குடிச்சு மூளை கெட்டுப்போச்சோன்னு... டாக்டரப் பாக்கலாம்னு இருந்தேன்."

என் கம்ப்யூட்டரை அவர் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை, பாருங்கள்.