கீறல் வைத்த தக்காளி

என் அண்ணி வீட்டில் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசமாட்டாள். ஏப்ரனைக் கட்டிக்கொண்டால் போதும், வாய் ஓயாது. உயர்தரக் காபிக்கொட்டை, தேயிலை, பாலாடைக்கட்டி, சமையல் சாதனங்கள் எல்லாம் விற்கிற பெரிய கடையில் எங்கள் இருவருக்கும் வேலை. நான் தேயிலைப் பகுதியில் கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுப்பவள். எனக்கு எதிரே, நறுக்கும் கருவிகளை இயக்கிக் காட்டி விற்கும் மேசை அவளுடையது. கடையில் எல்லாருக்கும் அவள் ‘டெமோ அக்கா’.

கடை கடையாக மாறி ஒன்பது வருஷம் இந்த வேலை பார்த்தவள். இங்கே ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் நிரந்தரம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அப்புறம் அண்ணன் முதுகுவலியோடு லாரி ஓட்டுவதை விட்டுவிடலாம். இருவரும் அந்த நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அவள் தொழிலில் ஒரு சூட்சுமம் உண்டு. முந்தின நாளே கெட்டித் தக்காளியாகப் பொறுக்கி ஃபிரிட்ஜில் வைப்பாள். காலையில் கடை திறக்குமுன் ஒவ்வொன்றின் தோலிலும் கத்தி நுனியால் மெல்லிய கீறல் போடுவாள். அந்த இடத்தில் அழுத்தினால் எந்த மொண்ணை பிளேடும் வழுக்கிக்கொண்டு இறங்கும். இந்த வேலை செய்கிற அத்தனை பேரும் செய்வதுதான். யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். எனக்கு அதில் எரிச்சல் உண்டு.

“ஏன் அண்ணி, நம்ம வீட்டுக்கு மட்டும் இந்தக் கருவி ஒண்ணு வாங்கல?” என்று சீண்டுவேன்.

“நீ உன் தேயிலையைப் பாரு” என்பாள்.

ஆறாவது மாதத்தின் கடைசி சனிக்கிழமை. மேசையைச் சுற்றி நல்ல கூட்டம். மேலாளர் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஓர் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோனவர். போன வாரம் அண்ணியிடம்தான் அந்தக் கருவியை வாங்கிப்போயிருந்தார். இடது கையால் பையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து மேசையில் வைத்தார்.

“உங்க கையில அழகா நறுக்குது. எனக்கு நசுங்கிப்போகுது. ரெண்டு கிலோ வீணாக்கிட்டேன். என் பையன், உனக்குக் கையில தெம்பில்ல, இனிமே அடுப்பங்கரைப் பக்கமே போகாதேங்கறான். இன்னொரு தடவை காட்டுங்கம்மா, கத்துக்கறேன்.”

கீறல் போட்ட தக்காளி தட்டில் இருந்தது. அண்ணியின் கைகூட அதன் பக்கம் போனது. அதையே எடு, அதையே எடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவளோ அந்த அம்மாவின் தக்காளியையே வைத்து அழுத்தினாள். அது நசுங்கி, சாறு ஏப்ரனில் தெறித்தது.

“உங்க கைமேல தப்பில்லம்மா” என்றாள். “நான் காலையிலேயே கீறி வச்சிருவேன். அதான் எனக்கு வெட்டுது. உங்களுக்குப் பல்லு வச்ச கத்தி ஒண்ணு போதும்.”

கூட்டம் கலைந்தது. மேலாளர் சத்தம்கூடப் போடவில்லை. “திங்கட்கிழமையிலேருந்து வரவேண்டாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒரு நிமிஷம் எனக்கு அந்த அம்மாமேல்கூடக் கோபம் வந்தது, மறைப்பானேன்.

அண்ணி ஏப்ரன் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா இன்னும் போகவில்லை. இடது கையால் போனை அழுத்திக் காதில் வைத்து, “டேய், கடையிலதான் நிக்கறேன், இரு” என்றவர், அதை அண்ணியிடம் நீட்டினார்.

“நான் சொன்னா நம்பமாட்டான். இப்ப சொன்னீங்களே, அதை அவன்கிட்டயும் ஒரு தடவை சொல்லிடுங்க.”

அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

“தம்பி, உங்கம்மாவை ஏமாத்தினவ பேசறேன்” என்று ஆரம்பித்தாள்.